எங்க சைடுல எல்லாம் ஓகே சார்

நேற்று இரவு வரை திறந்த தளம் இன்று காலை திறக்கவில்லை. சில சமயம் வெறும் வெள்ளைத் திரை. சில சமயம் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில சமயம் சிவப்பு முக்கோணம் போட்டு, இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஓர் எச்சரிக்கை. மற்ற தளமெல்லாம் ஒழுங்காக வருகிறது. சினிமாச் செய்தி வருகிறது, சேலை விளம்பரம் வருகிறது, பக்கத்து மாநிலத்தில் யாரோ யாரையோ வெட்டிய வீடியோ சுடச்சுட வருகிறது. வேண்டிய தளம் மட்டும் வரவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நாளை. உதவி எண்ணுக்குப் போன் போட்டு, வீணை இசையை ஒரு கச்சேரி அளவுக்குக் கேட்டு முடித்தால் ஒரு குரல் வரும். “எங்க சைடுல எல்லாம் ஓகே சார். உங்க சிஸ்டத்துலதான் ப்ராப்ளம்.”

குற்றப்பத்திரிகை கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. நேரே தீர்ப்பு. பிறகு தண்டனை விவரம்: கேச் க்ளியர் பண்ணுங்க, குக்கீஸ் டெலீட் பண்ணுங்க, பிரவுசரை மூடித் திறங்க, இன்காக்னிட்டோவில் போய்ப் பாருங்க, வேற பிரவுசர் இருக்கா, வேற நெட் இருக்கா, வேற சிஸ்டம் இருக்கா. ஜோசியர் சொல்லும் பரிகாரத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஜோசியர் ஜாதகத்தையாவது கையில் வாங்கிப் பார்ப்பார். இவர்கள் உங்கள் பிரவுசர் எது, எந்தப் பதிப்பு, திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது என்று எதையும் கேட்பதில்லை. பலித்தால் அவர்கள் சொன்ன பரிகாரம் பலித்தது. பலிக்காவிட்டால் நீங்கள் செய்த முறையில் குறை.

போனில் பேசும் அந்தப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. கையில் கொடுத்த தாளை வாசிக்கிறது, மாதச் சம்பளம் வாங்குகிறது. தாளை எழுதியவர் அந்த அறையில் இல்லை. தளத்தைக் கட்டிய கம்பெனியின் ஒப்பந்தமே முடிந்து போயிருக்கும்.

சில நேரம் கேச்சைத் துடைத்ததும் தளம் திறந்துவிடுவது உண்மைதான். அது ஏன் என்று பார்த்தால் கோபம் இன்னும் ஏறும். தளத்துக்காரர் தன் நிரல் கோப்பை மாற்றியிருப்பார், கோப்பின் பெயரை மாற்றியிருக்க மாட்டார். ‘இதை நீண்ட நாள் பத்திரமாக வைத்துக்கொள்’ என்று உங்கள் பிரவுசரிடம் முன்பு சொன்னவரும் அவர்தான். பிரவுசர் சொல்பேச்சு கேட்டு பழைய கோப்பை வைத்திருக்கிறது. பழைய கோப்பும் புதிய பக்கமும் ஒத்துப்போகவில்லை. பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அவர் செய்யாத அந்த வேலைக்காக லட்சக்கணக்கானோர் குக்கீயையும் சேர்த்து அழித்து, எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டு, மறந்துபோன கடவுச்சொற்களுக்காக ஓடிபி கேட்டுக் காத்துக் கிடக்கிறார்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம் போன இடம் தெரியாது.

நேற்று திறந்தது இன்று திறக்கவில்லையே, இடையில் என்னதான் மாறியது? நீங்கள் தூங்கினீர்கள். பிரவுசர் தூங்கவில்லை. ஃபயர்பாக்ஸ் 2020 முதலும் க்ரோம் 2021 முதலும் நான்கு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு என்று ஓடின. யாரையும் கேட்காமல், பின்னணியில் இறங்கி, மறுமுறை திறக்கும்போது வேறு ஆளாக எழுந்து நிற்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டையுள்ள பிரவுசரை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கு அப்டேட்தான் கடைசிப் பாதுகாப்பு. அப்டேட்டை நிறுத்திவிடு என்று சொல்கிற மேதாவிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் கேள்வி எதிர்ப்பக்கத்துக்கு: வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பிரவுசர் மாறும் என்று உலகத்துக்கே தெரிந்திருக்கும்போது, நீங்கள் உங்கள் தளத்தைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? திறப்பு விழாவன்று, மாண்புமிகு அமைச்சர் பொத்தானை அமுக்கிய லேப்டாப்பில். அவ்வளவுதானே?

தளங்கள் பிரவுசரைச் சோதிக்கும் லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு பிரவுசரும் தளத்தின் வாசலில் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியாகச் சொல்லும். அந்த வரியைப் பார்த்து ‘நீ வா, நீ போ’ என்று முடிவு செய்வது 1990களில் தொடங்கிய பழக்கம். உள்ளே போக வேண்டுமே என்று எல்லா பிரவுசர்களும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டன. இன்றைய க்ரோம் முதலில் தன்னை மொசில்லா என்கிறது, பிறகு ஆப்பிள் வெப்கிட் என்கிறது, கெக்கோ மாதிரி என்கிறது, நடுவில் போனால் போகிறதென்று க்ரோம் என்றும் சொல்லி, கடைசியில் சஃபாரி என்று முடிக்கிறது.

2009இல் ஓபரா தன் 10ஆம் பதிப்பைக் கொண்டுவந்தது. தளங்கள் எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்தன. ஒன்று. ஓ, ஓபரா ஒன்றாம் பதிப்பா, ரொம்பப் பழசு, வெளியே போ. ஒன்பதுக்குப் பிறகு பத்து வரும் என்பது நிரல் எழுதிய பொறியாளருக்குத் தோன்றவில்லை. ஒன்றாம் வகுப்பில் அன்று மட்டம் போட்டிருப்பார். கடைசியில் யார் திருந்தியது என்று நினைக்கிறீர்கள்? ஓபரா. பத்தாம் பதிப்பும் அதற்குப் பின் வந்த சில பதிப்புகளும் வாசலில் ‘நான் 9.80’ என்று சொல்லிக்கொண்டே காலம் தள்ளின.

பதின்மூன்று வருடம் கழித்து, 2022 மார்ச்சில் க்ரோமும் மே மாதத்தில் ஃபயர்பாக்ஸும் 100ஐத் தொட்டன. இரண்டு இலக்கம் படிக்கப் பழகியிருந்த தளங்கள் மூன்றாவது இலக்கத்தைக் கண்டு மிரளும் என்று இரண்டு கம்பெனிகளும் பல மாதம் முன்பிருந்தே ஒத்திகை பார்த்தன. நூறு வந்தால் தொண்ணூற்றொன்பதிலேயே நின்றுவிட்டதாகக் காட்டிக்கொள்ள மாற்று ஏற்பாடும் தயாராக வைத்திருந்தன. அதோடு விட்டதா? ஃபயர்பாக்ஸ் 110 வந்தபோது இன்னொரு கூத்து. அதன் அறிமுக வரியில் ‘ஆர்வி:110’ என்று வரும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11, தன்னை ‘ஆர்வி:11’ என்று சொல்லும் வழக்கம். சில தளங்கள் முதல் இரண்டு இலக்கத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டதால், புத்தம்புதிய ஃபயர்பாக்ஸை அவை செத்துப்போன எக்ஸ்ப்ளோரர் என்று எண்ணிவிடும். ஆகவே 110 முதல் 119 வரை பத்துப் பதிப்புகள் அந்த இடத்தில் 109 என்றே எழுதிக்கொண்டன. உலகத்தின் தலைசிறந்த மென்பொருள் மூளைகள் செய்த வேலை இது. மூன்று இலக்க எண்ணைப் படிக்கத் தெரியாதவர்கள் மனம் கோணாமல் நடந்துகொள்வது.

எண்ணை விடுங்கள், பூட்டுக்கு வருவோம். உங்கள் பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் பேச்சை மறைத்து அனுப்பும் முறைகளில் டிஎல்எஸ் 1.0 என்பது 1999ஆம் ஆண்டுச் சரக்கு. அதில் ஓட்டை உண்டு என்பது வெகு நாளாகத் தெரியும். 2018 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா நாலு பேரும் ஒரே குரலில் அறிவித்தார்கள்: 2020 தொடக்கத்தில் இதற்கும் இதன் தம்பி 1.1க்கும் கதவைச் சாத்தப் போகிறோம், அதற்குள் மாறிக்கொள்ளுங்கள். ஒன்றரை வருட அவகாசம். சர்வரில் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஓர் அப்டேட்டும் இரண்டு வரி மாற்றமும். 2020 மார்ச் 10 அன்று ஃபயர்பாக்ஸ் 74 வந்தது, கதவைச் சாத்தியது. அதே மாதம் கொரோனாவும் வந்தது. எந்தத் தளங்கள் திறக்கவில்லை தெரியுமா? மக்களுக்கு நோயைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டிய அரசுத் தளங்கள். வேறு வழியில்லாமல், ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லா சாத்திய கதவைத் திறந்து வைத்தது. ஜூன் மாதம் 78ஆம் பதிப்பில்தான் மறுபடி சாத்த முடிந்தது. குக்கீகளைக் கையாளும் விதத்தை க்ரோம் 80இல் மாற்றத் தொடங்கிய கூகுளும் அந்த ஏப்ரலில் பின்வாங்கி, ஜூலையில்தான் மறுபடி ஆரம்பித்தது. கொள்ளைநோய் நடுவில் உலகத்தின் பூட்டுகளைத் தளர்த்தி வைக்க வேண்டியிருந்தது. காரணம், ஒன்றரை வருடமாக ஒரு கோப்பு ஏதோ ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரவில்லை.

இந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கோயில் கட்ட வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவில்தான் கட்ட வேண்டும். ஃப்ளாஷ் என்ற மென்பொருளை 2020 முடிவில் மூடுகிறோம் என்று அடோபி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. மூன்றரை வருடம். 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் ஓடாமல் தடுக்கப்பட்டது. அன்று தென்னாப்பிரிக்க வரித்துறை விழித்துப் பார்த்தால், அதன் படிவங்களில் சில இன்னும் ஃப்ளாஷில் இருக்கின்றன. சாதாரண மனிதன் என்ன செய்வான்? படிவத்தை மாற்றுவான். வரித்துறை என்ன செய்தது? ஃப்ளாஷை உயிரோடு வைத்திருக்கும் ஒரு பிரவுசரைத் தானே வெளியிட்டது. அந்தப் படிவங்களை நிரப்ப வேண்டும் என்றால் அரசாங்க பிரவுசரை இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் விண்டோஸில் மட்டும். நான்கு படிவத்தைத் திருத்தச் சோம்பல்பட்டு பிரவுசரையே கட்டுகிற அரசை எந்த அகராதியில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தென்கொரியாவின் கதை இன்னும் நீளம். 1990களின் கடைசியில், அமெரிக்கா வலுவான மறையீட்டை ஏற்றுமதி செய்யத் தயங்கிய காலத்தில், கொரியர்கள் சீட் என்ற சொந்த மறையீட்டைச் செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். அதை பிரவுசரில் ஓட்ட, எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் என்ற துணைநிரலைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தோடு நாடே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. வங்கிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் இதை நிறுவு, அதை நிறுவு, அடையாளச் சான்றிதழைக் காட்டு. உலகத்திலேயே வேகமான இணையம் வைத்திருந்த நாட்டில் மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் பணம் அனுப்ப முடியாமல் நின்றான். மக்கள் வருடக்கணக்கில் கத்தியது யார் காதிலும் விழவில்லை. 2014இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி போட்டிருந்த கோட்டைச் சீனத்து ரசிகர்கள் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை என்ற பேச்சு எழுந்தது. அன்றைய அதிபர் பார்க் கியுன் ஹே அதைக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசினார். உடனே அதிகாரிகள் ஓடினார்கள். குடிமகனின் வங்கிக் கணக்குக்குக் கிடைக்காத அவசரம் ஒரு கோட்டுக்குக் கிடைத்தது. அப்படியும் அந்த அடையாளச் சான்றிதழின் ஏகபோகம் சட்டப்படி ஒழிந்தது 2020 டிசம்பரில்.

சிரிக்காதீர்கள். நம் ஊர் டெண்டர் போடும் காண்ட்ராக்டரைக் கேளுங்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்கு யுஎஸ்பி டோக்கன், டோக்கனோடு பேச ஜாவா, ஜாவாவிலும் குறிப்பிட்ட பழைய பதிப்பு. 2015 செப்டம்பரில் க்ரோமும் 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் அந்த ஜாவாவுக்கான கதவைச் சாத்தின. கையேடுகள் அப்போதும் அசரவில்லை. எக்ஸ்ப்ளோரரைத் திறக்கவும், பாப்-அப் தடுப்பை நீக்கவும், பாதுகாப்பு அளவைக் கீழே இறக்கவும், ‘பாதுகாப்பானது எனக் குறிக்கப்படாத’ ஆக்டிவ்எக்ஸையும் அனுமதிக்கவும். கையொப்பத்தின் பாதுகாப்புக்காக வீட்டின் எல்லாக் கதவையும் கழற்றி வைக்கச் சொல்லும் கையேட்டைப் பிடிஎஃப் ஆக்கி, முத்திரையோடு தளத்தில் போட்டார்கள். எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் கைவிட்டு, 2023 பிப்ரவரி 14 அன்று தன் புதிய பிரவுசரான எட்ஜின் ஓர் அப்டேட் வழியாகப் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முடக்கியது. காதலர் தினத்தில் எத்தனை அலுவலகங்கள் அழுதன என்பது அந்தந்த அலுவலக உதவியாளருக்குத்தான் தெரியும்.

அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒரு மாவட்டத் தலைநகரின் நெட் சென்டரில் பார்த்தேன். ஓர் அம்மா, கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகள், கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. சமர்ப்பிக்கும் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை.

“அண்ணே, நேத்து இவ ஃப்ரெண்டுக்கு இங்கதானே போட்டுக் குடுத்தீங்க?”

“நேத்து போச்சும்மா. ராத்திரி அப்டேட் ஆயிருக்கு. இருங்க, போன் போட்டுப் பாக்கறேன்.”

ஸ்பீக்கரில் போட்டார். குரல் வந்தது, தீர்ப்பு வந்தது, பரிகாரம் வந்தது.

“வேற பிரவுசர்ல ட்ரை பண்ணுங்க சார்.”

“எந்த பிரவுசர்ல பண்ணணும்?”

“எதுனாலும் சார்.”

“நீங்க எதுல டெஸ்ட் பண்ணீங்கன்னு சொல்லுங்க, அதுலயே பண்றேன்.”

“லைன்ல இருங்க சார்.” லைனில் இருந்தார். லைன் இல்லை.

கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து மூலைக்குப் போனார். அங்கே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 7. மானிட்டர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது: ‘இந்த சிஸ்டத்தில் யாரும் அப்டேட் போடக் கூடாது’. திறந்ததும் முதலில் தேதியைத் திருத்தினார். மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி செத்துப்போனதால் மின்சாரம் நின்று வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். தேதி பின்னால் போனால் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது. அந்தக் கம்ப்யூட்டரின் கணக்குப்படி அவை இன்னும் வழங்கப்படவே இல்லையே. பாருங்கள், உண்மையிலேயே ‘உங்க சிஸ்டத்துல ப்ராப்ளம்’ என்று சொல்லத் தகுந்த கோளாறு இது ஒன்று. உதவி எண்காரர்களின் தாளில் இது மட்டும் இல்லை. தேதி சரியா என்று ஒருவர்கூடக் கேட்டு நான் கேட்டதில்லை.

மூலைக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போனது. ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, அம்மாவின் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மகளின் புகைப்படம், அவ்வளவும் மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்ட ஓர் இயங்குதளத்தில், 109ஓடு நின்றுபோன ஒரு க்ரோம் வழியாக. யார் சொல்லி? ‘உங்கள் தகவல் எங்களிடம் பாதுகாப்பாக இருக்கிறது’ என்று பக்கத்தின் அடியில் எழுதி வைத்திருக்கும் அரசுத் தளம் சொல்லி. அந்த அம்மா நன்றி சொல்லி, பணத்தைக் கொடுத்து, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஏறிய அந்தத் தாள்களுக்கு நாளை ஏதாவது நேர்ந்தால், சைபர் குற்றப் பிரிவு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி அவரிடமே சொல்வார்கள்: பிரவுசரை எப்போதும் அப்டேட் செய்து வைத்திருங்கள் அம்மா.

பழைய கருவி வைத்திருப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட்ட ஆட்களும் இருந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், ஆரம்ப காலத்தில் தன் நம்பகத்துக்கு இன்னொருவரின் மூலச் சான்றிதழைச் சார்ந்திருந்தது. அந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்கு லெட்ஸ் என்கிரிப்டின் சொந்தப் புதிய மூலச் சான்றிதழைத் தெரியாது. அவற்றை அப்டேட் செய்ய போன் கம்பெனிகளுக்கு மனமில்லை, அடுத்த மாடலை விற்க வேண்டுமே. 2020 நவம்பர் நிலவரப்படி ஆண்ட்ராய்டு கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு அந்த ரகம். ஒரே நாளில் அவ்வளவு பேருக்கும் வலையின் ஒரு பெரும் பகுதி இருண்டிருக்கும். மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதே இல்லை என்ற வினோதத்தைப் பயன்படுத்தி, ஒப்பந்தம் போட்டு, அந்த போன்களுக்கு மேலும் மூன்று வருடம் ஆயுள் வாங்கிக் கொடுத்தது அந்த லாபநோக்கற்ற அமைப்பு. 2024 செப்டம்பரில் அந்த ஆயுளும் முடிந்தது. போனைச் செய்து காசு பார்த்த கம்பெனிகள் அந்த மூன்று வருடத்தில் என்ன செய்தன? கேமரா எண்ணிக்கையைக் கூட்டின.

பிரவுசர்காரர்கள் யோக்கியர்களா என்றால் அதுவும் இல்லை. உலகத்துக்கெல்லாம் சான்றிதழைப் புதுப்பிக்கப் பாடம் எடுக்கும் மொசில்லா, 2019 மே 4 அன்று தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க மறந்து, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸின் நீட்சிகளை ஒரே இரவில் செத்துப்போக வைத்தது. 2022 ஜனவரி 13 இன்னும் மோசம். கூகுளின் கிளவுட் சேவையில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஃபயர்பாக்ஸ் அங்கே தன் அறிக்கைகளை அனுப்பப் போய், ஒரு தலைப்பு வரியில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற குழப்பத்தில் முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. எந்தத் தளமும் திறக்கவில்லை. பயனரைப் பற்றிய தகவலை அனுப்பும் அவசரத்தில் பயனரையே கைவிட்ட பிரவுசர். அன்று எத்தனை ஆயிரம் பேர் கேச்சைத் துடைத்திருப்பார்கள், எத்தனை பேர் கேபிள்காரரைத் திட்டியிருப்பார்கள்!

மறுபடி எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில் க்ரோம் 124 வந்தது. வருங்காலக் குவாண்டம் கம்ப்யூட்டர்களுக்கும் தாக்குப்பிடிக்கும் புதிய சாவி முறை அதில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அதனால் பிரவுசர் தளத்துக்கு அனுப்பும் முதல் வணக்கச் செய்தி கொஞ்சம் நீண்டு, ஒரு பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாக வந்தது. இரண்டாகப் பிரிந்தும் வரலாம் என்பது இணையத்தின் ஆதி விதி. சில சர்வர்களும், விலை உயர்ந்த சில பாதுகாப்புப் பெட்டிகளும் முதல் பொட்டலத்தை மட்டும் படித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தன. எண்ணின் முதல் இலக்கத்தோடு நிறுத்திய அதே பரம்பரை. 2017இல் க்ரோம் 56 டிஎல்எஸ் 1.3ஐக் கொண்டுவந்தபோதும் புளூ கோட் என்ற பெயருள்ள பாதுகாப்புப் பெட்டிகள் திணறி, அமெரிக்காவில் மேரிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளின் குரோம்புக்குகளை முடக்கின. அப்போது பின்வாங்கியது பெட்டி விற்றவர் அல்ல, கூகுள்.

யார் யாருக்காகப் பின்வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சஃபாரியின் இதயமான வெப்கிட்டின் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. அதில் கோணல்களுக்கென்றே ஒரு கோப்பு. இன்ன தளம் வந்தால் இப்படி நடந்துகொள், அன்ன தளம் வந்தால் அப்படி நடி என்று பெரிய பெரிய தளங்களின் பெயர் போட்டு எழுதியிருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. பெரிய கடைக்காரரின் தளம் தப்பாக எழுதப்பட்டிருந்தால் பிரவுசர் வளைந்து கொடுக்கும். உங்கள் தாலுகா அலுவலகத்தின் பட்டா தளம் தப்பாக எழுதப்பட்டிருந்தால் நீங்கள் வளைய வேண்டும்.

இனி வருவது இன்னும் சுவாரசியம். தளச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது. 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாள் என்று ஆனது. பிரவுசர்காரர்களும் சான்றிதழ் வழங்குபவர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவே மறந்துபோய், ஞாயிற்றுக்கிழமை இரவில் சிவப்பு முக்கோணத்தோடு நின்ற அலுவலகங்கள் வருடத்துக்கு எட்டு முறை புதுப்பிக்கப் போகின்றன. தானாகவே புதுப்பித்துக்கொள்ள இலவச நிரல் இருக்கிறது, நிறுவினால் போதும். ஆனால் இலவசம் என்றால் டெண்டர் விட முடியாது. டெண்டர் விட முடியாத வேலை எந்தக் கோப்பில் நகரும்?

ஆகவே அடுத்த முறை உங்கள் தளம் திறக்காதபோது கேச்சைத் துடைக்க வேண்டாம். கம்ப்யூட்டரின் தேதி சரிதானா என்று ஒரு முறை பாருங்கள். திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே படம் பிடியுங்கள். பிரவுசரின் ‘அறிமுகம்’ பக்கத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லா இலக்கங்களையும். இந்திய அரசுத் தளங்களுக்கென்று 2009 முதல் ஒரு வழிகாட்டு நெறி இருக்கிறது. பல பிரவுசர்களில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்தத் தளம் கடைசியாக எந்தத் தேதியில், எந்தெந்த பிரவுசரின் எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது? சோதித்ததற்கான பதிவேட்டின் நகல் வேண்டும். சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டுப் பணம் பட்டுவாடா செய்ய அனுமதித்த அதிகாரியின் பதவி என்ன? தமிழக அரசுத் துறை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். மனுவைத் தபாலில் அனுப்புங்கள். தபால் பெட்டி வாசலில் நின்று உங்கள் பதிப்பு எண்ணைக் கேட்காது.